கொசுறுப் பாட்டு

எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற ரோட்டில், கிளியனூருக்கு முன்னால் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். அவ்வளவு தெரிந்தால் போதும். பெயரைச் சொன்னால் எங்கள் மாதா கோயில் பங்குப் பேரவை கூடி, என்னைக் கண்டித்துத் தீர்மானம் போட்டு, அந்தக் களைப்புக்கு டீயும் பஜ்ஜியும் சாப்பிடும். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?

என் பெயர் வெனிலா. இது நடந்த 2008-இல் எனக்கு இருபத்தெட்டு வயது. வாரத்தில் ஆறு நாள் திண்டிவனம் மரக்காணம் ரோட்டில் ஆனந்தராஜ் அண்ணனின் பிரவுசிங் சென்டரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மாதா கோயிலில் பாடகர் குழுவின் முதல் குரல். பன்னிரண்டு வயதிலிருந்து பாடுகிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் நிறத்தைப் பற்றிச் சொன்னார்கள், மூக்கைப் பற்றிச் சொன்னார்கள், அப்பா இல்லாததைப் பற்றிச் சொன்னார்கள். குரலைப் பற்றி ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. என்னிடம் யாரும் குறை சொல்ல முடியாத ஒரே பொருள் அதுதான். அதை வைத்துக்கொண்டுதான் நான் ஊருக்குள் தலைநிமிர்ந்து நடந்தேன்.

கடைப் பலகையில் பிரவுசிங் சென்டர் என்று இருந்தாலும் பிரவுசிங்குக்கு வந்தவர்கள் குறைவு. பரீட்சை ரிசல்ட் வருகிற அன்று மட்டும் கூட்டம் நெரியும். மற்ற நாளெல்லாம் சி.டி.தான். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், ரேஷன் ரசீதில், ஒருமுறை உள்ளங்கையில்கூடப் பாட்டு வரிசையை எழுதிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றாக நெட்டில் தேடி இறக்கி, சி.டி.யில் ரைட் பண்ணிக் கொடுக்க வேண்டும். ஒரு பாட்டு இறங்குவதற்குள் ஒரு ஆள் எதிர்க்கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு, இரண்டு பேரிடம் அரசியல் பேசிவிட்டு வந்துவிடலாம். தொண்ணூற்றெட்டு சதவிகிதத்தில் லைன் அறுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. ரைட் பண்ணும்போது அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் சி.டி. வீணாகும். வீணானதையெல்லாம் ஆனந்தராஜ் அண்ணனின் அப்பா கொண்டுபோய்க் கேப்பைக் கொல்லையில் கயிறு கட்டித் தொங்கவிடுவார், குருவி விரட்ட. திண்டிவனம் வட்டாரத்தில் பளபளவென்று மின்னிய ஒரே கொல்லை அவருடையதுதான்.

இதிலெல்லாம் எனக்குச் சங்கடம் இல்லை. சங்கடம் கொசுறில் வந்தது. காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கேட்டு வாங்கிப் பழகிய ஜனம் சி.டி. கடையில் சும்மா இருக்குமா? பத்துப் பாட்டு எழுதிக் கொடுத்தவர், பத்துப் பாட்டு போட்ட சி.டி.யைக் கையில் வாங்கினதும் கேட்பார்: "எடம் மிச்சம் இருக்குதா?" இருக்கிறது என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். பாதி நிரம்பின சி.டி. அவர்களுக்கு அளவு குறைந்த அரிசிப்படி. அதனால் ஆனந்தராஜ் அண்ணன் கம்ப்யூட்டரில் 'கொசுறு' என்றே ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். பாட்டு, சினிமா நகைச்சுவை, யாரோ பேசின பட்டிமன்றம், ஒரு குழந்தை சிரிக்கிற சத்தம் என்று கையில் கிடைத்ததெல்லாம் அதில் கிடக்கும். இடம் மிச்சமிருந்தால் அதிலிருந்து அள்ளிப் போட வேண்டும். முருகன் பாட்டு சி.டி. கடைசியில் மாமியார் மருமகள் சண்டையில் போய் முடிந்திருக்கிறது. ஒருத்தரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. நிரம்பியிருக்கிறதா, அவ்வளவுதான்.

இனி இன்னாசிராஜ் சித்தப்பா. சொந்தச் சித்தப்பா இல்லை, ஊர் முறைக்குச் சித்தப்பா. எங்கள் பங்குப் பேரவையின் துணைத் தலைவர். தொழில் மல்லாட்டைத் தரகு; வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியில் இருப்பதை அள்ளிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். அவர் அந்த வருஷம் சென்னையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது நல்லபடியாகத்தான் போனார். வரும்போது ஒரு யோசனையோடு வந்தார்.

"அங்க கோயில்ல பாட்டு பாடவே ஆளு கெடையாது. சி.டி. போட்டுடறாங்க. ஒரு இருமல் இல்ல, ஒரு தும்மல் இல்ல. தேன் மாதிரி வழியுது" என்றார், ஞாயிறு பூசை முடிந்து கூடிய பேரவைக் கூட்டத்தில்.

அந்த வருஷத் திருவிழாப் பூசைக்கு ரோமாபுரியில் எட்டு வருஷம் படித்துவிட்டு வந்த ஒரு ஃபாதர் வருவதாக இருந்தது. சித்தப்பா அவரைத்தான் காரணம் காட்டினார்.

"அங்க ஆர்கன் வச்சிப் பாடறதக் கேட்ட காது அது. அந்தக் காதுல நம்ம ஊர்ப் பாட்ட எப்படி ஊத்தறது? யோசிச்சுப் பாருங்க."

எல்லோரும் யோசித்தார்கள். எங்கள் ஊரில் யோசிப்பது என்றால் தரையைப் பார்ப்பது. நான் எழுந்தேன்.

"சித்தப்பா, பதினாறு வருஷமா பாடிக்கினு இருக்கேன். ஒரு மாசம் டைம் இருக்குது. நல்லா ப்ராக்டீஸ் பண்ணிப் பாடறோம்."

"உன்னக் கொற சொல்லலம்மா. உன் குரல் நல்ல குரல்தான். ஆனா கேரண்டி இல்லியே. அன்னிக்குன்னு பாத்துத் தொண்ட கட்டிக்கினா? சி.டி.க்குத் தொண்ட கட்டுமா?"

எங்கள் பங்குச் சாமியார் நல்ல மனிதர். மெதுவாக ஒரு சந்தேகம் கேட்டார். "நெட்ல இருந்து எடுக்கறீங்களே, பாடினவங்க கிட்ட கேக்காம எடுத்தா அது திருட்டு ஆயிடாதா?"

"சாமி பாட்டு, சாமிக்கே போவுது. இதுல திருடன் யாரு ஃபாதர்?" என்றார் சித்தப்பா. ரோமாபுரியிலேயே பதில் கிடைக்காத கேள்வி இது என்று நினைத்தாரோ என்னவோ, ஃபாதர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

பாடகர் குழுவைக் கலைத்துவிட்டால் கோயில் மூலை வெறிச்சென்று இருக்கும். அதற்கும் சித்தப்பாவிடம் வழி இருந்தது. நாங்கள் வழக்கம்போல் மைக் முன்னால் நிற்க வேண்டியது. வாயை மட்டும் அசைக்க வேண்டியது. "பாட்டு ஓடற வரைக்கும் வாய் ஓடணும். நடுவுல எவனாவது நிறுத்தினான், ஊர் மானம் போயிடும்" என்று கறாராகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான் அந்த மாதிரிக் கடைல வேல செய்யறியே. நீயே டவுன்லோடு பண்ணி ரைட் பண்ணிக் குடுத்துடு. கோயிலுக்கு நீ செய்யற சேவ" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆத்திரமாக இருந்தது. ஆனால் பேரவையில் பொம்பளை ஆத்திரப்பட்டால் அதற்கும் தனியாக ஒரு தீர்மானம் போடுவார்கள்.

நான் சும்மா விடவில்லை. எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கிற ஜெசி திண்டிவனம் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். குவைத்திலிருந்து அவள் அண்ணன் விரல் நீளத்தில் ஒரு எம்பித்ரீ பிளேயர் அனுப்பியிருந்தான். அதில் ரெக்கார்டும் பண்ணலாம். ஒரு புதன்கிழமை மாலை எல்லோரையும் கூட்டி, நான்கு பாட்டுக்கு ப்ராக்டீஸ் என்று சொல்லி, பிளேயரை ஜன்னலில் வைத்துப் பதிவு செய்தோம். முதலில் திருவிருந்துப் பாட்டு. மெட்டு எங்கள் குழுவே போட்டது. அன்றைக்கு என் குரல் எனக்கே பயமாக இருக்கிற அளவுக்கு நன்றாக வந்தது. அடுத்த ஞாயிறு அதை ஒரு ஸ்பீக்கரில் மாட்டிப் பேரவைக்கு எடுத்துக்கொண்டு போனேன். "அத அப்புறம் கேக்கலாம்மா, பந்தல் விஷயம் கெடக்குது" என்றார்கள். பந்தல் துணி நீலமா வெள்ளையா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். நீலமும் வெள்ளையும் கலந்து போடுவது என்று முடிவாகி எழுந்து போய்விட்டார்கள்.

பதிவைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தேன். ஆள் இல்லாத நேரத்தில் ஹெட்போன் மாட்டி அந்த முதல் ஆறு நிமிஷத்தைக் கேட்பேன். பாட்டு முடிந்ததும் மறுபடி ஆரம்பத்துக்கு இழுத்து விடுவேன். எத்தனை தடவை என்று சொன்னால் தற்பெருமை என்பீர்கள்.

நடுவே பூசைக்கு வேண்டிய எட்டுப் பாட்டையும் நானே நெட்டிலிருந்து இறக்கினேன். வருகைப் பாடலில் தொடங்கி மாதா பாட்டு வரைக்கும். எனக்கு நானே குழி வெட்டினேன், ஒவ்வொரு மண்வெட்டிக்கும் பத்து நிமிஷம் காத்திருந்து. பாடியிருந்தது யாரோ ஒரு சென்னைப் பெண். குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே மூன்று தடவை கேட்டேன். கிடைக்கவில்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.

திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் சித்தப்பா கடைக்கு வந்தார். சி.டி.யைக் கையில் வாங்கினார். படித்தவன் செய்வதுபோல் பெட்டியில் போட்டுக் கேட்டுப் பார்த்தாரா? இல்லை. வாசலுக்குப் போய், பின்பக்கத்தைத் திருப்பி, வெயிலில் சாய்த்துப் பிடித்தார். ரைட் பண்ணின சி.டி.யில் பாட்டு எதுவரைக்கும் இருக்கிறதோ அதுவரைக்கும் கொஞ்சம் கறுத்துத் தெரியும். அதற்கு மேல் வெளுப்பாக இருக்கும். மல்லாட்டைத் தரகர் கண்ணுக்கு அது தப்புமா?

"என்னாம்மா இது? பாதிதான் ரொம்பியிருக்குது!"

"எட்டுப் பாட்டு நாப்பது நிமிஷம்தான் சித்தப்பா. கோயிலுக்கு எட்டுப் பாட்டுதானே வேணும்?"

"அதுக்காக வெத்து எடத்தோட எடுத்துக்கினு போவச் சொல்றியா? கோயில் சாமான்ம்மா. கொறையா இருக்கக் கூடாது. ரொப்பிக் குடு."

ஆனந்தராஜ் அண்ணன் வழக்கம்போல் கஸ்டமர் பக்கம் சாய்ந்தார். "கேக்கறாருல்ல, வேற சி.டி. எடுத்து, கொசுறு ஃபோல்டர்ல இருந்து நாலு போட்டுக் குடு வெனிலா."

"கண்டதப் போடாத. சாமி பாட்டாவே போடு. ஜல்தி!" என்றார் சித்தப்பா.

புதிதாக இறக்க நேரமில்லை. நாலு மணிக்குக் கரண்ட் போய்விடும், ஆறு மணிக்குத்தான் வரும். அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க அப்படித்தான். என் கண் எங்கள் பதிவின் மேல் விழுந்தது. முப்பத்தாறு நிமிஷம். நான்கு பாட்டும் அதில் இருக்கும் என்றுதான் நினைத்தேன். நாற்பதும் முப்பத்தாறும் சேர்ந்தால் விளிம்பு வரைக்கும் நிறையும். யாரும் கேட்கப் போவதில்லை. மாதா பாட்டோடு பூசை முடிந்துவிடும், பெட்டியை நிறுத்திவிடுவார்கள். ஆனாலும் எட்டுப் பாட்டுக்குப் பிறகு ஒன்பதாவதாக நான் இருப்பேன். கறிவேப்பிலையாகவாவது இருப்பேன். போட்டேன்.

சித்தப்பா புது சி.டி.யை வெயிலில் காட்டினார். விளிம்பு வரைக்கும் கறுப்பு. "இது சாமான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிப் பூசை. சவுண்ட் சர்வீஸ் பச்சைமுத்து அண்ணன். எங்கள் மாதாவுக்கும் பக்கத்து ஊர் மாரியம்மனுக்கும் அவர்தான். கோயிலைச் சுற்றி எட்டுக் குழாய் ஸ்பீக்கர், ஒன்று வாசல் புளியமரத்தில். பூசையில் எது எங்கே வரும் என்று அவருக்குத் தெரியாது என்பதால் சித்தப்பா ஒரு சாடை சொல்லி வைத்திருந்தார். சித்தப்பாவின் கை மேலே இருந்தால் பாட்டு ஓட வேண்டும். கை கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும். வேறு எதையும் பார்க்கக் கூடாது, யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

முதல் பாட்டு ஓடியது. சென்னைக் குரல் குழாய் வழியே வழிந்தது. நாங்கள் வாயை அசைத்தோம். சூசை மேரி அக்காவுக்கு மட்டும் முப்பது வருஷப் பழக்கம் விடவில்லை, சத்தமாகவே பாடிவிட்டார். சித்தப்பா திரும்பி முறைத்தார். ஆண்குரலுக்கு இருந்த ஒரே ஆள் பால் சொசைட்டி சகாய பிரவீன். அவன் வெற்றிலை மெல்வதுபோல் ஒரே சீராக வாயை அசைத்து, எல்லாப் பாட்டுக்கும் பொருத்திக்கொண்டான். ரோமாபுரி ஃபாதர் அமைதியாக இருந்தார். சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. பன்னிரண்டு வயதில் முதன்முதல் மைக் முன்னால் நின்றபோதுகூட அவ்வளவு கூசியதில்லை. அழுதால் வாய் கோணும், கோணினால் பாட்டோடு ஒட்டாது. அதனால் அடக்கிக்கொண்டேன்.

மாதா பாட்டு முடிகிற நேரம், ரோமாபுரி ஃபாதருக்குப் பொன்னாடை போர்த்தப் பேரவை மேடையேறியது. சித்தப்பாதான் போர்த்த வேண்டும். போட்டோக்காரர் ஸ்டீபன்ராஜ், "கொஞ்சம் தூக்கிப் புடிங்க மாமா, இன்னும் கொஞ்சம், கேமரா மக்கர் பண்ணுது, அப்படியே இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா பொன்னாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். பச்சைமுத்து அண்ணன் பார்த்தார். கை மேலே இருந்தது. பாட்டு ஓட வேண்டும்.

ஒன்பதாவது ஆரம்பித்தது.

ஜெசியின் கீபோர்டு. அப்புறம் நான். எட்டுக் குழாயிலும் நான். புளியமரத்தில் நான். கலைந்து போய்க்கொண்டிருந்த ஜனம் நின்றது. வாயை அசைக்கச் சொன்னால் நாங்கள் எங்கே அசைத்தோம், எல்லோரும் உண்மையிலேயே பாட ஆரம்பித்துவிட்டோம். ஆறு நிமிஷம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, அதற்கு அப்புறமும் ஒரே ஒரு நாள்தான் இருந்தேன்.

பாட்டு முடிந்தது. ஸ்டீபன்ராஜின் கேமரா இன்னும் தயாராகவில்லை. அடுத்த பாட்டு வரும் என்று நானும் காத்திருந்தேன். வந்தது டம்ளர் சத்தம். அந்தப் புதன்கிழமை முதல் பாட்டு முடிந்ததும் டீ வந்துவிட்டதும், பிளேயரை யாரும் நிறுத்தாததும், டீக்கு அப்புறம் நாங்கள் பாடவே இல்லை என்பதும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஏய் ஜெசி, அந்தப் பஜ்ஜிய இப்படித் தள்ளு" என்றது சூசை மேரி அக்காவின் குரல், எட்டுக் குழாயிலும். "போன வாரம் நம்ம ஃபாதர் பிரசங்கத்துல நான் ரெண்டு வாட்டி தூங்கி எழுந்தேன், அவரு இன்னும் நோவா கப்பலவுட்டு எறங்கல."

"அது பரவால்லக்கா, இன்னாசிராஜ் மாமா வாசகம் படிச்சாரே, கேட்டீங்களா?" இது ஜெசி. "எக்கா வெனிலாக்கா, அவர மாதிரி பேசிக் காட்டுங்களேன்."

அதற்கு அப்புறம் வந்தது என் குரல். மல்லாட்டை ஏலம் விடுகிற ராகத்தில், சித்தப்பாவின் கரகரப்போடு, அச்சாக அவரேதான்: "புனித பவுல் அடிகளார்... கொரிந்தியருக்கு எழுதிய... திருமுகம்! ஒரு தரம்! கொரிந்தியருக்கு... ரெண்டு தரம்!"

பதிவில் நாங்கள் சிரித்தோம். கோயிலுக்குள் ஊர் சிரித்தது. நான் சகாய பிரவீனைப் பார்த்தேன். பாட்டு ஓடுகிற வரைக்கும் வாய் ஓட வேண்டும் என்ற உத்தரவை மதித்து, சூசை மேரி அக்காவின் பஜ்ஜிக்கும் என் ஏலத்துக்கும் அவன் வாயை அசைத்துக்கொண்டே இருந்தான்.

"பச்சமுத்து! நிறுத்துய்யா! பேஜாராப் போச்சு, நிறுத்துய்யா!" என்று சித்தப்பா கத்தினார். கை இறங்கவில்லை. பொன்னாடையைத் தரையில் போட்டால் ஃபாதருக்கு அவமரியாதை. பச்சைமுத்து அண்ணன் கையையே பார்த்தார். யார் சொன்னாலும் கேட்கக் கூடாது என்று சொன்னவரும் சித்தப்பாதானே. கடைசியில் ஃபாதரே குனிந்து, தலையை உள்ளே விட்டு, பொன்னாடையைத் தானாகவே போர்த்திக்கொண்டார். கை இறங்கியது. குழாய் அடங்கியது.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஃபாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கினதும் கேட்டார்: "கடைசியா ஒரு பாட்டு வந்துச்சே, அது யார் பாடினது? அந்தக் குரல்லதான் உயிர் இருக்கு."

சித்தப்பாவின் முகம் ஒரு நொடி செத்துப்போய், மறு நொடி பிழைத்தது. விலை ஏறுகிற சாமானை அடையாளம் தெரியாத தரகர் உண்டா?

"நம்ம ஊர்ப் பொண்ணுதாங்க ஃபாதர். நாங்கதான் பேரவைல பேசி, சி.டி.ல சேத்தோம்."

"நாடகமும் நல்லா இருந்துச்சு" என்றார் ஃபாதர்.

என்னைத் திட்டவே இல்லை. அடுத்த ஞாயிறு பேரவை கூடி, வெனிலா பாட நம் கோயிலுக்கென்றே ஒரு சி.டி. போடுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. என் பதிவைக் கேட்க ஆறு நிமிஷம் இல்லாதவர்கள், என்னைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள்.

விழுப்புரத்தில் சக்கரபாணி சார் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடி அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை. பாடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார், சத்தம் சேரும் என்று. மாரியம்மன் பாட்டுக்கும் கட்சி மாநாட்டுப் பாட்டுக்கும் மாதா பாட்டுக்கும் ஒரே மேளத்தைத்தான் வைத்திருந்தார். மணியை மட்டும் மாற்றுவார். ஒரு அடியில் நான் தடுமாறியபோது, "விடும்மா, ஒரு எடத்துல நல்லா பாடினாப் போதும். மத்த எடத்துலயும் அதையே ஒட்டிடறேன்" என்றார். வேர்வையில் குளித்துக்கொண்டு எட்டுப் பாட்டுப் பாடினேன். சாயங்காலம் ஹெட்போனில் போட்டுக் காட்டினார். சென்னைக்காரிக்கு நான் ஒன்றும் குறைந்தவள் இல்லை. ஒரே ஒரு நாள் என்றேனே, அது அந்த நாள்தான். பஸ்ஸில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பிரதிகளை எங்கள் கடையில் நானே ரைட் பண்ணினேன். அட்டையில் சித்தப்பாவின் படம், கை கூப்பியபடி. என் பெயர் பின்பக்கம், பார்கோடு இருக்க வேண்டிய இடத்தில். பாட்டு போக மிச்சமிருந்த இடத்துக்குக் கொசுறாகச் சித்தப்பாவின் வாழ்த்துரை. விளிம்பு வரைக்கும் பேசியிருந்தார். இந்த முறை கடைசிவரை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். ஒரு மனிதரால் அதைவிடப் பெரிய தண்டனையை நான் அனுபவித்ததில்லை.

2009 திருவிழா. நீலப் புடவை கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் முன்னாலேயே போனேன். நாங்கள் நிற்கிற மூலையில் நாற்காலி போட்டிருந்தார்கள், நன்கொடையாளர்களுக்கு. கீபோர்டு உறைக்குள் இருந்தது. ஜெசி வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள். சித்தப்பா வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார்.

"மைக்க எங்க வச்சிருக்காங்க சித்தப்பா?"

"மைக் எதுக்கும்மா? நீதான் சி.டி.ல பாடியிருக்கியே. போய் நிம்மதியா உக்காந்து பூசை பாரு."

"அதே பாட்டுதானே, நேர்லயே பாடறேனே. அதே குரல்தானே?"

"அதேதாம்மா. அப்புறம் எதுக்கு ரெண்டு?" என்றார். கேலி செய்யவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

பெண்கள் பக்கம் பாயில் போய் உட்கார்ந்தேன். முன்னால் ஓமந்தூரிலிருந்து திருவிழாவுக்கு வந்த குடும்பம். திருவிருந்துப் பாட்டு தொடங்கியது. எங்கள் மெட்டு. நான் முதலில் முணுமுணுத்தேன். இரண்டாவது அடியில் எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. அடக்க நினைக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, பதினேழு வருஷமாகப் பாடுகிற மாதிரியே பாடினேன்.

தோளில் ஒரு கை பட்டது. முன்னாலிருந்த அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை, கெஞ்சுவது போலத்தான் சொன்னார்.

"செத்த சும்மா இரும்மா. அந்தப் பொண்ணு எவ்ளோ நல்லா பாடிக்கினு இருக்குது. கேக்க வுடும்மா."

வாயை மூடிக்கொண்டேன். அவள் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தாள்.